எக்ளிண்டனின் குதிரைப்படையைத் தேடிப் பிடிப்பது எப்படி

பதினேழாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் குதிரைப்படை ரெஜிமெண்ட் ஒன்றின் வரலாற்றைத் தேடப் போகிறீர்களா? முதலில் சண்டைகளை ஒதுக்கி வையுங்கள். சம்பளம் எங்கே கொடுத்தார்கள், குதிரைக்குத் தீனி எந்த ஊரில் போட்டார்கள், யார் வீட்டில் தங்கினார்கள் என்று பாருங்கள். ஒரு ரெஜிமெண்ட் போர்க்களத்தில் நிற்பது வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள். மற்ற நாளெல்லாம் அது எங்கேயாவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும். சாப்பிட்டதற்கு யாரோ ஒருவர் கணக்கு எழுதியிருப்பார்.

நான் கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் இப்படிச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் 1640-களின் ஸ்காட்டிஷ் படைகளைப் பொறுத்தவரை இதுதான் நடைமுறையில் பலன் தரும் வழி. நான் எடுத்துக்கொண்ட ரெஜிமெண்ட்டையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்: எக்ளிண்டனின் ஆறாவது பிரபு அலெக்சாண்டர் மாண்ட்கோமரியின் குதிரைப்படை. ‘கிரேஸ்டீல்’ என்ற பட்டப்பெயர் கொண்டவர். குடும்பத்தின் கோட்டை அயர்ஷயரில், கில்வின்னிங் ஊருக்குப் பக்கத்தில் இருந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாம் சார்லஸ் மன்னர் ஸ்காட்லாந்தின் திருச்சபை மேல் தன் வழிபாட்டு முறையைத் திணிக்கப் பார்த்தார். அதை எதிர்த்து ஸ்காட்டுகள் 1638-ல் எடின்பரோவின் கிரேஃப்ரையர்ஸ் ஆலயத்தில் தேசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1639-லும் 1640-லும் மன்னரோடு சண்டை. 1643-ல், அதே மன்னரோடு போரிட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்து நாடாளுமன்றத்தோடு இன்னொரு உடன்படிக்கை. அதன்படி 1644 ஜனவரி 19 அன்று, லீவன் பிரபுவின் தலைமையில், இருபதாயிரம் பேருக்கு மேற்பட்ட ஸ்காட்டிஷ் படை உறைபனியில் ட்வீட் ஆற்றைத் தாண்டி இங்கிலாந்துக்குள் நுழைந்தது. எக்ளிண்டனின் குதிரைப்படை பணியாற்றியது இந்தப் படையில்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் சிக்கல் பெயர். அந்தக் காலத்து ரெஜிமெண்ட்டுக்கு எண் கிடையாது, நிலையான பெயரும் கிடையாது. கர்னல் யாரோ அவர் பெயர்தான் அதன் பெயர். கர்னல் மாறினால் பெயரும் மாறும், ஆட்கள் அதே ஆட்களாக இருப்பார்கள். ஒரே கர்னலுக்கு இரண்டு ரெஜிமெண்ட்டும் இருக்கலாம். 1642-ல் அயர்லாந்தின் அல்ஸ்டருக்குப் போன ஸ்காட்டிஷ் படையில் எக்ளிண்டன் பெயரில் ஒரு காலாட்படை ரெஜிமெண்ட் இருந்தது. 1644-ல் இங்கிலாந்துக்குப் போனது குதிரைப்படை. 1650-ல் இரண்டாம் சார்லஸின் மெய்க்காவல் குதிரைப்படைக்கும் அவரே தலைவர். ஆவணத்தில் ‘எக்ளிண்டன் ரெஜிமெண்ட்’ என்று மட்டும் இருந்தால் மூன்றில் எது என்பதை இடத்தையும் வருஷத்தையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ‘ட்ரூப்’ என்றால் குதிரை, ‘கம்பெனி’ என்றால் காலாள். ட்ரூப்பின் தலைவரை ‘ரூட்மாஸ்டர்’ என்று எழுதியிருப்பார்கள், ஜெர்மன் போர்களில் சம்பாதித்து வந்த வழக்கம் அது. லீவன் பிரபுவே ஸ்வீடன் படையில் ஃபீல்டு மார்ஷலாக இருந்தவர். ‘ரூட்மாஸ்டர்’, ‘கார்னெட்’ (ட்ரூப்பின் கொடியைத் தூக்கும் அதிகாரி) என்ற இரண்டு பதவிகளில் ஒன்று கண்ணில் பட்டாலே அது குதிரைப்படைத் தாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆட்களின் பெயரிலும் கவனம் வேண்டும். படைத் தலைவர் லீவன் பிரபுவின் பெயர் அலெக்சாண்டர் லெஸ்லி. அவர் மகன் பால்கோனியின் பெயரும் அலெக்சாண்டர் லெஸ்லி, அவருக்கும் ஒரு குதிரைப்படை உண்டு. குதிரைப்படையின் பெரிய தளபதியோ டேவிட் லெஸ்லி. அதனால் ‘லெஸ்லி’ என்று மட்டும் குறிப்பு எடுக்கவே எடுக்காதீர்கள். எக்ளிண்டனுக்கும் மகன்கள் பலர், அதில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் படையில் இருந்தார்கள். என் நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆவணத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே எழுத்து மாறாமல் எடுத்து வைத்திருக்கிறேன். எக்ளிண்டன் என்பதையே எழுத்தர்கள் நாலைந்து விதமாக எழுதுவார்கள். கணினிப் பட்டியலில் தேடும்போது அத்தனை விதத்தையும் போட்டுத் தேட வேண்டும்.

இரண்டாவது தேதி. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஒரு தாளையும் தொடாதீர்கள். ஸ்காட்லாந்தில் 1600-லிருந்தே புது வருஷம் ஜனவரி 1-ல் பிறந்தது. இங்கிலாந்தில் 1752 வரை மார்ச் 25-ல்தான் பிறந்தது. அதனால் எடின்பரோ எழுத்தர் ‘1644 ஜனவரி’ என்று எழுதும் அதே நாளை லண்டன் எழுத்தர் ‘1643 ஜனவரி’ என்று எழுதுவார். இரண்டு பேரும் சரிதான். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள எந்தத் தேதியைக் கண்டாலும், எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாடுகளுமே அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தன. நம் நாட்காட்டியோடு ஒப்பிட்டால் பத்து நாள் பின்னால். தேதிகளை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். ஆனால் பருவம், வெளிச்சம், அறுவடை பற்றி யோசிக்கும்போது பத்து நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பணம். இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன், நீங்களும் செலவழிக்க வேண்டும். ஸ்காட்டிஷ் பவுண்டு வேறு, ஸ்டெர்லிங் பவுண்டு வேறு. 12 ஸ்காட்டிஷ் பவுண்டு ஒரு ஸ்டெர்லிங் பவுண்டுக்குச் சமம். இதற்கு நடுவில் ‘மெர்க்’ என்று ஒன்று உண்டு, ஒரு ஸ்காட்டிஷ் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு அதிகாரிக்கு 100 மெர்க் கொடுத்ததாக இருந்தால் அது 66 ஸ்காட்டிஷ் பவுண்டு, 13 ஷில்லிங், 4 பென்ஸ். ஸ்டெர்லிங்கில் ஐந்தரைப் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரே பேரேட்டில் இந்த மூன்றும் கலந்து வரும். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் எந்த நாணயம் என்று எழுதாவிட்டால், ஒரு ரெஜிமெண்ட் பன்னிரண்டு மடங்கு பணக்கார ரெஜிமெண்ட்டாகிவிடும்.

பணத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? இங்கிலாந்து நாடாளுமன்றம் இந்தப் படைக்கு மாதம் 30,000 பவுண்டு ஸ்டெர்லிங் தருவதாக ஒப்புக்கொண்டது. ஸ்காட்டிஷ் கணக்கில் 3,60,000 பவுண்டு. அது ஒழுங்காக வரவில்லை. பணம் வராத மாதங்களில் படை கிராமங்களின் தலையில் விழுந்தது. வீரனும் குதிரையும் ஒரு விவசாயி வீட்டில் தங்கி, சாப்பிட்டு, சில சமயம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த விவசாயியும் அவருடைய ஊர்க்காரர்களும் பிறகு நஷ்டக் கணக்கு எழுதி அனுப்பினார்கள். இத்தனை குதிரை, இத்தனை இரவு, இன்னார் ரெஜிமெண்ட், இன்ன ட்ரூப். எந்தத் தளபதியின் கடிதத்திலும் கிடைக்காத அளவு துல்லியமான இடமும் நாளும் அந்தக் கணக்கில் இருக்கும். லண்டனுக்குப் பக்கத்தில் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், எஸ்.பி. 28 என்ற வரிசையில் இப்படிப்பட்ட தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒரு கிராமத்தின் இழப்பை எழுத்தாகப் பார்ப்பது மனதுக்குச் சுலபமில்லை. நாம் தேடும் ரெஜிமெண்ட்டைப் பற்றிப் பெருமையாக எழுதும் ஆசை வரும்போதெல்லாம் நான் அந்தக் கணக்குகளை ஒருமுறை திறந்து பார்ப்பேன்.

ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கணக்கு ஏன் முழுதாக இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1650, 51-ல் இங்கிலாந்து நாடாளுமன்றத் தரப்பின் தளபதி குராம்வெல்லின் படை எடின்பரோ, ஸ்டர்லிங் கோட்டைகளைப் பிடித்தது. நாட்டின் ஆவணங்கள் லண்டனுக்குப் போயின. ஒரு பகுதி 1657-ல் திரும்பியது. மீதி 1660 டிசம்பரில் கடல் வழியாகத் திரும்பி வரும்போது புயல் அடித்தது. பாரத்தைக் குறைக்க 85 பீப்பாய் ஆவணங்களை ‘எலிசபெத்’ என்ற வேறு கப்பலுக்கு மாற்றினார்கள். அந்தக் கப்பல் மூழ்கிப்போனது. நீங்கள் தேடும் ஆஜர் பட்டியல், அதாவது படையில் யார் யார் இருந்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல், கிடைக்காதபோது இந்த டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள்.

தப்பியதில் பயனுள்ளவை படைப் பொருளாளர் சர் ஆடம் ஹெப்பர்னின் கணக்குகள். ஸ்காட்டிஷ் ஹிஸ்டரி சொசைட்டி 1917-ல் இந்தப் படையின் தாள்களை இரண்டு தொகுதிகளாக அச்சிட்டது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பழைய கையெழுத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன் இந்த அச்சுப் பிரதியை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். கணக்கின் அமைப்பு, அடிக்கடி வரும் சொற்கள், எந்த ரெஜிமெண்ட்டுக்கு எந்த மாதம் என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் பழகிவிடும். நாடாளுமன்ற நடவடிக்கைகள் முழுவதையும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் தேடக்கூடியதாக வைத்திருக்கிறது. அதில் ‘குதிரை’, ‘ரூட்மாஸ்டர்’, கர்னல் பெயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். விதவைகளின் மனுக்களும் பாக்கிச் சம்பளம் கேட்கும் மனுக்களும் அங்கங்கே வரும்.

ஆஜர் பட்டியல் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதிலுள்ள எண்ணிக்கையைப் படை பலம் என்று நம்பிவிடாதீர்கள். ஏட்டளவில் ஒரு குதிரைப்படை ரெஜிமெண்ட் என்றால் எட்டு ட்ரூப், ட்ரூப்புக்கு அறுபது பேர், ஆக 480. களத்தில் அத்தனை பேர் இருந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய், காயம், ஊருக்கு ஓடிப்போனவர்கள், குதிரை செத்துப்போனவர்கள் எல்லாம் கழிய வேண்டும். ‘கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்’ என்று குதிரையைப் பற்றிச் சொல்வோமே, சம்பள நாளின் எண்ணிக்கையும் சண்டை நாளின் எண்ணிக்கையும் அப்படித்தான். ஆளைக் கூட்டிக் காட்டினால் பணம் கூட வரும் என்பது எந்தப் படையிலும் கேப்டன்களுக்குத் தெரிந்த விஷயம்.

இப்போது சண்டைக்கு வரலாம். எக்ளிண்டனின் குதிரைப்படையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மார்ஸ்டன் மூர் போரை வைத்துத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். 1644 ஜூலை 2, யார்க் நகருக்கு மேற்கே. நாடாளுமன்றமும் ஸ்காட்லாந்தும் சேர்ந்த படை ஒரு பக்கம், ரூபர்ட் இளவரசரின் மன்னர் படை மறுபக்கம். இடது பக்கக் குதிரைப்படையில் குராம்வெல், அவருக்குப் பின்வரிசையில் டேவிட் லெஸ்லியின் ஸ்காட்டுகள். வலது பக்கத்தில் சர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ், அவருக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் மூன்று ஸ்காட்டிஷ் ரெஜிமெண்ட்டுகள்: எக்ளிண்டன், டல்ஹவுசி, பால்கோனி. ஃபேர்ஃபாக்ஸின் பக்கம் மன்னர் தரப்புத் தளபதி கோரிங்கின் குதிரைப்படையால் நொறுங்கியது. முழுப் போரும் தோற்றுவிட்டதாக நினைத்து லீவன் பிரபுவே களத்தை விட்டுப் போனார். அந்த உடைந்த பக்கத்தில், எக்ளிண்டனின் ஆட்கள் இடம் விட்டு நகராமல் நின்றார்கள். கடைசியில் போரில் வென்றது நாடாளுமன்றமும் ஸ்காட்லாந்தும் சேர்ந்த படைதான்.

இதை நமக்குச் சொல்வது யார்? அதே மாதம் லண்டனில் அச்சான ஒரு துண்டுப் பிரசுரம். கேப்டன் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்டிஷ் அதிகாரி அனுப்பிய விவரம். நான்கு லெப்டினன்ட்களை இழந்ததாகவும், லெப்டினன்ட் கர்னல், மேஜர், எக்ளிண்டனின் மகன் ஆகியோர் உயிருக்கு ஆபத்தான காயம் பட்டதாகவும் அதில் இருக்கிறது. இப்படி ஒரு வரி கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? மகனின் பெயர் அதில் இல்லை. ஆகவே நீங்களும் போடாதீர்கள். ஆபத்தான காயம் என்றால் இறந்தார் என்று எழுதிவிடாதீர்கள். எழுதியவர் ஸ்காட், அச்சிட்டது லண்டன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அந்த ஜூலையில் வெற்றி யாருக்குச் சொந்தம் என்பதே ஒரு தனிச் சண்டையாக நடந்தது. போர் முடிந்து மூன்றாம் நாள் குராம்வெல் தன் மைத்துனர் வாலண்டைன் வால்டனுக்கு எழுதிய கடிதத்தில், தன் பக்கத்தில் நின்ற டேவிட் லெஸ்லியின் ரெஜிமெண்ட்டுகளைப் பின்னால் இருந்த சில ஸ்காட்டுகள் என்ற அளவில் சொல்லிவிட்டுப் போகிறார். லண்டனில் இருந்த ஸ்காட்டிஷ் போதகர் ராபர்ட் பெய்லி, குராம்வெல் தரப்பு முந்திக்கொண்டு ஆள் அனுப்பிப் பெருமை முழுவதையும் தங்களுக்கே எடுத்துக்கொள்கிறது என்று தன் கடிதங்களில் வருத்தப்படுகிறார். இந்த பெய்லி யார்? கில்வின்னிங் ஊரின் பழைய போதகர். அந்தப் பதவியை அவருக்குக் கொடுத்ததே எக்ளிண்டன் பிரபு. ஆக, அவர் சாட்சியத்துக்கு மதிப்பு உண்டு, பாசமும் உண்டு. இரண்டையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். லம்ஸ்டன் என்ற ஸ்காட்டிஷ் தளபதி வரைந்த அணிவகுப்புப் படமும், மன்னர் பக்கத்துப் பொறியாளர் டி கோம் வரைந்த படமும் கிடைக்கின்றன. ஸ்டூவர்ட்டின் வார்த்தைகளை இந்தப் படங்களோடு சேர்த்துப் படித்தால்தான் மூன்றாம் வரிசையில் நின்றவர்களின் நிலைமை புரியும். முன்னால் உடைந்து ஓடிவரும் சொந்தக் குதிரைகள், அதற்குப் பின்னால் எதிரி. அதன் நடுவில் அணி கலையாமல் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

களத்தைப் போய்ப் பாருங்கள். லாங் மார்ஸ்டன், டாக்வித் என்ற இரண்டு கிராமங்களுக்கு நடுவே சாலையோரத்தில் நினைவுத் தூண் இருக்கிறது. எல்லோரும் அங்கே நின்று குராம்வெல் இருந்த டாக்வித் பக்கம் திரும்புவார்கள். நீங்கள் கிழக்கே, லாங் மார்ஸ்டன் பக்கம் நடங்கள். எக்ளிண்டன் நின்ற வலது பக்கம் அதுதான். ஜூலை 2-ல் போகாதீர்கள், ஜூலை 12-ல் போங்கள். பத்து நாள் கணக்கு இங்கே உதவும். சண்டை மாலை ஏழு, ஏழரைக்குத் தொடங்கியது. இன்றைய கோடைக்காலக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால் எட்டரை மணிக்கு நில்லுங்கள். வடக்கே பார்த்து நின்றால் சாயும் வெயில் இடது முன்பக்கத்திலிருந்து கண்ணில் அடிக்கும். போர் நாளில் மழையும் இடியும் இருந்தது. ஆனாலும் எவ்வளவு வெளிச்சம் மிச்சம் இருந்தது, இருட்டுவதற்குள் எவ்வளவு நேரம் இருந்தது என்பது நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

அப்புறம் எடின்பரோ. பிரின்சஸ் தெருவின் கிழக்குக் கோடியில், வெலிங்டன் சிலைக்குப் பின்னால் உள்ள ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸில்தான் ஸ்காட்லாந்து தேசிய ஆவணங்களின் படிப்பறை. வாசகர் அட்டை இலவசம், அடையாளச் சான்று கொண்டு போக வேண்டும். பேனா கூடாது, பென்சில்தான். போவதற்கு முன் இணையப் பட்டியலில் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பி.ஏ. என்று தொடங்குபவை நாடாளுமன்றத் தாள்கள், ஜி.டி. 3 எக்ளிண்டன் குடும்பத்தின் தாள்கள், சி.ஹெச். 2 திருச்சபைப் பதிவேடுகள்.

கையெழுத்து முதலில் மிரட்டும். ‘விச்’, ‘வென்’ போன்ற ஆங்கிலச் சொற்களை அந்த ஸ்காட்டுகள் கியூ, யூ, ஹெச் என்ற மூன்று எழுத்தில் தொடங்குவார்கள். எண்களை ரோமன் எழுத்தில் போட்டு, கடைசி ஐ-யை ஜே போல வாலை இழுத்து விடுவார்கள். அதே எழுத்தரின் பத்துப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தால் கை பழகிவிடும். வேறு எழுத்தர் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

திருச்சபைப் பதிவேட்டைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம். 1648-ல் ஸ்காட்லாந்தின் ஒரு தரப்பு மன்னருக்காக இங்கிலாந்துக்குள் புகுந்து ப்ரெஸ்டனில் தோற்றது. எக்ளிண்டன் அதற்கு எதிர்த்தரப்பு. அந்தச் செப்டம்பரில் மேற்குப் பகுதி ஆட்கள் எடின்பரோவை நோக்கிப் படையாகப் போனபோது அவரும் தலைவர்களில் ஒருவர். அதன்பிறகு, ப்ரெஸ்டன் படையில் போன சாதாரண வீரர்கள் கூட தங்கள் ஊர் ஆலயத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. யார், எந்தத் தலைவரின் கீழ் போனார், கட்டாயத்தால் போனாரா என்று மூப்பர் குழு எழுதி வைத்தது. ஆஜர் பட்டியலில் வெறும் பெயராக இருந்த ஒருவர் இங்கே ஊரும் தொழிலும் உள்ள மனிதராகிறார். இர்வின் வட்டாரப் பதிவேடுகளில் தொடங்குங்கள், கில்வின்னிங் அந்த வட்டாரத்தில்தான் வருகிறது. ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ தளத்தில் இவற்றின் படங்கள் உள்ளதால் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

எங்கே நிறுத்துவது என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள். 1646-ல் மன்னர் ஸ்காட்டிஷ் படையிடம் சரணடைந்தார். 4,00,000 பவுண்டு ஸ்டெர்லிங் பாக்கிக்கு ஒப்பந்தமாகி, பாதித் தொகை கைக்கு வந்ததும் 1647-ன் தொடக்கத்தில் படை ஊர் திரும்பியது. சிறிய படை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கலைத்தார்கள். இந்த ரெஜிமெண்ட்டின் கோப்பை நான் அங்கே மூடிவிட்டேன். 1650-ன் மெய்க்காவல் படை, டன்பார் தோல்வி, 1651-ல் எக்ளிண்டன் டம்பார்டனில் பிடிபட்டு ஹல் நகரில் சிறைவைக்கப்பட்டது எல்லாம் அந்த மனிதரின் கதை, அதற்கு வேறு கோப்பு. தலைவர் ஒருவரே என்பதால் 1644-ன் வீரர்களை 1650-க்கு இழுத்துவராதீர்கள். இரண்டு பட்டியலிலும் ஒரே ஊர், ஒரே பெயர், ஒரே பதவி என்று மூன்றும் பொருந்தினால் மட்டும் பென்சிலில் ஒரு கோடு போட்டு இணையுங்கள்.

ஸ்காட்ஸ் கிரேஸ் என்ற புகழ்பெற்ற குதிரைப்படையோடு இதைச் சேர்த்துப் பேசுபவர்களையும் சந்திப்பீர்கள். அது 1678-ல் திரட்டிய தனி ட்ரூப்களிலிருந்து 1681-ல் ரெஜிமெண்ட்டானது. எக்ளிண்டனின் ஆட்கள் குதிரையை விட்டு இறங்கி அப்போது முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.